நர்சிங் படிக்க வேண்டுமா? பிளஸ் ஒன் சேர்க்கையிலேயே கவனம் வேண்டும்

பிளஸ் டூ முடிவு வந்த பிறகு நர்சிங் பற்றி யோசித்துக்கொள்ளலாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அப்போது யோசித்தால் பலருக்குக் காலம் கடந்திருக்கும். பி.எஸ்சி. நர்சிங்கில் சேர முடியுமா முடியாதா என்பது, பத்தாம் வகுப்பு முடிவு வந்த சில நாட்களில், பிளஸ் ஒன்னில் எந்த குரூப் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை, அம்மாவுடன் பள்ளி அலுவலக வாசலில் நிற்கும்போது, ‘சயின்ஸ் குரூப் ஃபுல் ஆயிருச்சும்மா, காமர்ஸ்ல இடம் இருக்கு, போட்டுக்கிறீங்களா?’ என்று கேட்பார்கள். அம்மாவும் சரி என்று தலையாட்டிவிடுவார். அந்த ஒரு தலையாட்டலில் என்னென்ன போகிறது என்பதை அந்த இடத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், புதுவயல், கண்டனூர் பக்கத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இந்த ஊர்களில் நர்சிங் மீது ஆசை இருப்பதில் வியப்பில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீட்டில் வயதான ஆச்சியும் ஐயாவும் மட்டும் இருப்பது செட்டிநாட்டில் சாதாரணம். ஊசி போடவும், சர்க்கரை பார்க்கவும், புண்ணுக்குக் கட்டுப்போடவும் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இங்கே எவ்வளவு மதிப்பு என்பதை அந்த வீடுகளில் வேலைக்குப் போகிற அம்மாமார் பக்கத்தில் இருந்தே பார்க்கிறார்கள். ‘நம்ம பிள்ளையும் நர்சு ஆகணும்’ என்ற நினைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் விதி. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. இந்தியா முழுவதற்கும் இதன் பாடத்திட்டத்தையும் சேர்க்கைத் தகுதியையும் வகுப்பது இந்திய நர்சிங் கவுன்சில். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதன் விதிப்படி பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்திருந்தாலும் சரி. ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவியல் பாடங்கள் மூன்றையும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 45 சதவீதமும், பட்டியலின, பழங்குடி மாணவர்கள் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும்.

இந்த 45 சதவீதத்தைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பாடத்துக்கும் சேர்த்து 300 மதிப்பெண். அதில் 45 சதவீதம் என்றால் 135. 40 சதவீதம் என்றால் 120. ஒரு பிள்ளை மூன்றிலும் 35, 35, 35 வாங்கிப் பாஸ் ஆனால் கிடைப்பது 105தான். பிளஸ் டூவில் தேர்ச்சி, நர்சிங்குக்குத் தகுதி இல்லை. ‘பாஸ் பண்ணினால் போதும்’ என்று வீட்டில் சொல்வது இந்தப் படிப்பைப் பொறுத்தவரை தவறான வழிகாட்டல்.

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்துகிறது. இதற்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ அறிவியல் மதிப்பெண்களை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். புதுச்சேரி ஜிப்மர், ராணுவச் செவிலியர் சேவை போன்ற இடங்களுக்கு நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. ஆனால் எந்த வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தாயா?

இப்போது குரூப்புகள். குழப்பமும் இங்கேதான் அதிகம்.

ஊரில் ‘ஃபர்ஸ்ட் குரூப்’ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். பயோ மேத்ஸ் என்பார்கள். மற்றது இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல். இரண்டாவதில் உயிரியல் கிடையாது. ‘ஃபர்ஸ்ட் குரூப் கிடைச்சிருச்சு’ என்று மகிழ்ச்சியோடு கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து நர்சிங் விண்ணப்பத்தில் உயிரியல் மதிப்பெண்ணுக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

‘ப்யூர் சயின்ஸ்’ அல்லது ‘செகண்ட் குரூப்’ என்பது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். இது நர்சிங்குக்கு முழுத் தகுதி தரும். கணிதத்துக்குப் பதில் கணினி அறிவியலோ நுண்ணுயிரியலோ உயிர் வேதியியலோ வைத்து, கூடவே இயற்பியல், வேதியியல், உயிரியல் வைத்திருக்கும் பிரிவுகளும் சில பள்ளிகளில் உண்டு, அவையும் செல்லும். குரூப்பின் பெயரைக் கேட்காதீர்கள். நான்கு பாடங்களின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதில் மூன்று பாடமும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

தொழிற்கல்விப் பிரிவில் ‘நர்சிங்’ என்ற பெயரிலேயே ஒரு குரூப் சில பள்ளிகளில் இருக்கிறது. நர்சு ஆக வேண்டும் என்று வரும் பெற்றோருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் இதுதான் நேர்வழி என்று தோன்றும். அந்தப் பிரிவில் செவிலியப் பாடமும் செய்முறையும் உண்டு. மருத்துவமனைச் சூழல் பழகும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இயற்பியலும் வேதியியலும் தனிப்பாடமாக இல்லாததால் பி.எஸ்சி. நர்சிங்குக்குக் கேட்கும் தகுதி அதில் நிறைவதில்லை. டிப்ளமோ வழிக்குப் போக நினைப்பவர்களுக்கு அது உதவலாம். பட்டப்படிப்புதான் வேண்டும் என்றால் பெயரை நம்பிச் சேர வேண்டாம்.

சரி, இடம் ஏன் நிரம்பிவிடுகிறது? பள்ளி நிர்வாகத்தின் பிடிவாதம் என்று உடனே நினைத்துவிடக் கூடாது. அறிவியல் குரூப் நடத்த இயற்பியலுக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர், தாவரவியலுக்கு ஒருவர், விலங்கியலுக்கு ஒருவர் என முதுகலை ஆசிரியர் பணியிடங்கள் வேண்டும். ஆய்வகம் வேண்டும். செய்முறை வகுப்பில் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்துத்தான் நிறுத்த முடியும். ஒரு மேசையைச் சுற்றி இருபது பேர் நின்றால் பியூரெட்டில் கை வைப்பது இரண்டு பேராகத்தான் இருக்கும். வணிகவியல் வகுப்பில் இன்னும் ஐந்து பெஞ்சு போட்டுச் சமாளிப்பது போல் இங்கே செய்ய முடியாது. அதனால் சிறிய ஊர்ப் பள்ளிகளில் அறிவியலுக்கு ஒரே பிரிவு என்று நின்றுவிடுகிறது. அதற்குள்ளும் பத்தாம் வகுப்பு மதிப்பெண், இனச்சுழற்சி இரண்டையும் பார்த்துச் சேர்க்கிறார்கள். இடஒதுக்கீடு பிளஸ் ஒன் சேர்க்கைக்கும் பொருந்தும்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியலினத்தவர் 18, பழங்குடியினர் 1 என மொத்தம் 69 சதவீதம். ஆகவே ‘இடம் இல்லை’ என்றால், பொதுவில் இடம் இல்லையா, உங்கள் பிரிவுக்கான இடமும் நிரம்பிவிட்டதா என்று கேட்பது உங்கள் உரிமை. சாதிச் சான்றிதழை முதல் நாளே கையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அமெரிக்காவில் இதே நெருக்கடி வேறு வயதில் வருகிறது. அங்கே நர்சிங் கல்லூரியில் சேரும் முன் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களைச் சமுதாயக் கல்லூரிகளில் தனியாகப் படித்துத் தேர்ச்சி காட்ட வேண்டும். அந்த வகுப்புகள் பதிவு தொடங்கியதுமே நிரம்பிவிடும். இடம் கிடைக்காதவர்கள் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, யாராவது விலகுவார்களா என்று முதல் நாள் வகுப்பு வாசலில் போய் நிற்பார்கள். வேறு கிளையில் தேடுவார்கள். கோடை வகுப்பில் எடுப்பார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த பருவம் இருக்கிறது. நம் பிள்ளைக்கு அடுத்த பருவம் கிடையாது. பத்தொன்பது இருபது வயதில் அங்கே எடுக்கிற முடிவை இங்கே பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு முடிவு வந்த சில நாட்களில் எடுக்கச் சொல்கிறோம். அதனால்தான் பெரியவர்கள் கூட நிற்க வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் அந்த மாணவர்கள் செய்கிற மூன்று காரியங்கள், அதாவது முந்திப் பதிவது, வேறு இடம் தேடுவது, விலகும் இடத்துக்குக் காத்திருப்பது, நமக்கும் அப்படியே உதவும்.

முந்திக்கொள்வது முதல் காரியம். பத்தாம் வகுப்பு முடிவு பெரும்பாலும் மே மாதம் வருகிறது. முடிவு வந்த அன்றோ மறுநாளோ தற்காலிக மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட வேண்டும். படித்த பள்ளியிலேயே பிளஸ் ஒன் இருந்தாலும், ‘நம்ம பள்ளிக்கூடம்தானே, பார்த்துக்கலாம்’ என்று இருக்காதீர்கள். ஒரே பள்ளியை மட்டும் நம்பவும் வேண்டாம்.

கேட்கும்போது ப்யூர் சயின்ஸைக் கேளுங்கள் என்பது என் எண்ணம். நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் பெரும்பாலும் பயோ மேத்ஸுக்கே முண்டியடிக்கிறார்கள். பொறியியலுக்கும் வழி இருக்கும் என்பது காரணம். நர்சிங்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்குப் பிளஸ் டூ கணிதம் கட்டாயமில்லை. கணிதத்துக்குப் போகும் நேரத்தை மற்ற மூன்று பாடத்துக்கும் கொடுத்தால் தரவரிசையில் ஏறும். கணிதத்தில் உண்மையாகவே ஆர்வமுள்ள பிள்ளை என்றால் அது வேறு. அவளைப் பயோ மேத்ஸிலிருந்து இழுக்க வேண்டாம்.

இடம் இல்லை என்று சொல்லிவிட்டால், வாயால் கேட்டதோடு திரும்பாமல் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ‘என் மகள் செவிலியர் படிப்புக்குத் தகுதி பெற அறிவியல் பிரிவு அவசியம், இடம் காலியானால் முன்னுரிமை தர வேண்டுகிறேன்’ என்று நான்கு வரி போதும். தலைமையாசிரியரிடம் பேசும்போது காரணத்தைச் சொல்லுங்கள். ‘சார், இது நர்சுக்குத்தான் படிக்கணும்னு ஒரே பிடியா நிக்குது. காமர்ஸ்ல போட்டா அந்த வழியே அடைஞ்சு போயிரும்னு சொல்றாக’ என்று ஒரு தாய் சொல்வதற்கும், ‘சயின்ஸ் குரூப் குடுங்க’ என்று மட்டும் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. விரும்பாமல் அறிவியலில் சேர்ந்த இன்னொரு பிள்ளையும் அதே பள்ளியில் இருக்கலாம். இருவரையும் மாற்றி உட்கார வைக்க அவரால் முடியும்.

ஒரே ஊரில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு இடம் இல்லாமல் போனால் அது ஒரு குடும்பத்தின் பிரச்சினை அல்ல. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மையோர் பெற்றோர்தான். கூடுதல் பிரிவு வேண்டும், காலியாக உள்ள விலங்கியல் ஆசிரியர் பணியிடத்தை நிரப்ப வேண்டும் என்று அந்தக் குழு தீர்மானம் போட்டுச் சிவகங்கையில் உள்ள முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பலாம். இந்த ஆண்டே பலன் கிடைக்காவிட்டாலும் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். செட்டிநாட்டில் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டிக் கொடுத்த குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளத்தூரிலேயே சீதாலட்சுமி ஆச்சி பெயரில் பெண்கள் கல்லூரி நிற்கிறது. ஆய்வகத்துக்கு நான்கு மேசையும் நுண்ணோக்கிகளும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டால் முகம் சுளிக்காத ஊர் இது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

அடுத்தது வெளியூர். காரைக்குடியில் மேல்நிலைப் பள்ளிகள் பல. பள்ளத்தூரிலிருந்து கோட்டையூர் வழியாகப் பஸ் போகிறது. பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பஸ் பாஸ் உண்டு; சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே கிடையாது. நம் ஊர் புதுக்கோட்டை மாவட்ட எல்லையை ஒட்டியிருப்பதால் அந்தப் பக்கத்துப் பள்ளிகளையும் விசாரிக்கலாம். வேறு மாவட்டம் என்பது தடையில்லை. பெண்பிள்ளையைத் தினமும் பஸ்ஸில் அனுப்ப யோசிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு ஆண்டு பஸ் பயணத்துக்குத் தயங்கினால், பிறகு நான்கு ஆண்டு விடுதியில் இருந்து படிக்க வேண்டிய படிப்புக்கும், இரவுப் பணி பார்க்க வேண்டிய வேலைக்கும் எப்படி அனுப்புவோம்? அந்தத் தயக்கத்தை வீட்டில் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

இந்த மண்ணில் வகுப்பறை வாசலிலேயே மறிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், இங்கே பொருந்துவதால் சொல்கிறேன். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதித்ததால் உள்ளே போனார். அந்த வகுப்பு கிடைத்ததால்தான் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர முடிந்தது, 1912இல் மருத்துவரானார். அவருடைய திறமையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அந்தத் திறமைக்கு முன்னால் ஒரு கல்லூரிச் சேர்க்கைச் சீட்டு இருந்தது.

மூன்றாவது, காத்திருப்பது. பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கிய பிறகும் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். சிலர் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் போவார்கள், காரைக்குடியிலேயே அழகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. சிலர் தனியார் பள்ளிக்கு மாறுவார்கள். சில குடும்பங்கள் ஊரையே விட்டுப் போகும். அந்த இடங்களில் அறிவியல் பிரிவு இடமும் இருக்கும். ஆகவே முதல் சில வாரங்களுக்கு வாரம் ஒருமுறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தொல்லை என்று நினைக்க மாட்டார்கள்; நினைத்தாலும் பரவாயில்லை. வேறு குரூப்பில் உட்கார்ந்தபடி காத்திருக்கும் பிள்ளை, அந்த நாட்களை வீணாக்காமல் அறிவியல் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கலாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இடம் கிடைக்கும் அன்று மற்றவர்களைவிட இரண்டு பாடம் பின்தங்கி இருப்பதும் பத்துப் பாடம் பின்தங்கி இருப்பதும் ஒன்றல்ல.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய இடத்தில் என்ன படிக்கிறோம் என்பதையும் தெரிந்துகொண்டால் படிப்பில் பிடிப்பு வரும். ‘ஊசி போடுறதுக்கு எதுக்கு ஃபிசிக்ஸ்?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது.

பிளஸ் ஒன் இயற்பியலில் பருப்பொருளின் பண்புகள் என்ற பாடத்தில் பாய்சொய் சமன்பாடு வருகிறது. குழாயின் ஆரம் இரு மடங்கானால் அதில் பாயும் திரவத்தின் அளவு 16 மடங்காகும் என்பது அதன் சாரம். விபத்தில் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்கு ஏன் தடித்த ஊசியாகத் தேடிப் போடுகிறார்கள் என்பதற்கு இதுவே காரணம். பிளஸ் ஒன் தாவரவியலில் சவ்வூடு பரவல் படிக்கிறோம். சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 0.9 சதவீதம், இருப்பது அந்தப் பாடத்தின்படிதான். உப்பில்லாத வெறும் நீரை நேரே ரத்தக் குழாயில் ஏற்றினால் ரத்தச் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். வேதியியலில் அயனிச் சமநிலையும் தாங்கல் கரைசலும் வருகின்றன. நம் ரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்பது அந்தத் தாங்கல் கரைசல்களால்தான், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்சு பார்க்கும் அறிக்கையில் முதலில் இருப்பதும் அந்த எண்தான்.

சொட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். கையில் இருக்கும் குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, குழாயில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி வைப்பது நர்சு. எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் எண்ணைத் தவறவிட்டால் இதயம் பலவீனமான முதியவருக்கு மூச்சு முட்டிவிடும். கணிதம் எடுக்காதவர்களும் இந்த வகுத்தல் பெருக்கலில் தடுமாறக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவுநீக்கம், நரம்பு மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் என மனித உடலைப் பற்றிய பாடங்கள் பெரும்பகுதி பிளஸ் ஒன் விலங்கியலில் இருக்கின்றன. கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தானே என்று பிளஸ் ஒன் பாடங்களை ஒப்புக்கு நடத்திவிட்டுப் போகும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நர்சிங் போகிறவளுக்கு அது பெரிய இழப்பு. 2021இல் திருத்திய பாடத்திட்டப்படி பி.எஸ்சி. நர்சிங் முதல் பருவத்திலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் வந்துவிடுகின்றன. இரண்டாம் பருவத்தில் உயிர் வேதியியல், ஊட்டச்சத்தியல். மூன்றாவதில் நுண்ணுயிரியலும் மருந்தியலும். அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு பாடத்திலும் வரும் கலைச்சொற்களுக்கு ஆங்கிலச் சொல்லைப் பக்கத்திலேயே எழுதிப் பழகினால் கல்லூரியின் முதல் ஆறு மாதம் எளிதாகக் கழியும். தமிழில் புரிந்துகொண்டது வீண் போகாது. நோயாளியிடம் தமிழில்தானே பேசப் போகிறாள்.

ஏற்கெனவே வணிகவியலோ கலைப் பிரிவோ படித்து முடித்தவர்கள் இதைப் படித்தால் மனம் தளர வேண்டாம். ஜி.என்.எம். என்ற மூன்றாண்டு டிப்ளமோவுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஆங்கிலத்துடன் பிளஸ் டூ தேர்ச்சியும் 40 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். மற்ற பிரிவினரையும் ஏற்கலாம், அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கான கையேடு அதற்கு மேலும் நிபந்தனை வைக்கலாம் என்பதால் அந்தந்த ஆண்டின் கையேட்டை முழுக்கப் படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம். சுற்றுவழிதான், ஆனால் உறுதியான வழி. ஏ.என்.எம். என்பது இரண்டு ஆண்டு. கிராம சுகாதாரப் பணிக்கான படிப்பு.

அறிவியலை மறுபடி படிக்க விரும்புகிறவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வைத்து அங்கே மேல்நிலைத் தேர்வு எழுதலாம். அறிவியல் பாடங்களோடு அங்கே தேர்ச்சி பெற்றவர்களை இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்கிறது. ஆனால் சில பாடங்களை மட்டும் தனியாக எழுதுவதற்கும் முழுத் தேர்வாக எழுதுவதற்கும் சான்றிதழில் வேறுபாடு உண்டு. பணம் கட்டும் முன், சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடம் அந்தச் சான்றிதழ் தகுதிக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலோ வேதியியலோ முடித்தால் நர்சிங்குக்கு வழி வந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு வழி உண்டு. இங்கே பட்டம் எதுவானாலும் பிளஸ் டூ பாடங்களைத்தான் பார்ப்பார்கள்.

இடம் கிடைக்காத வீடுகளைத் தேடி வருகிறவர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ‘ஒரு வருஷம், ஆறு மாசம், எந்த குரூப்பா இருந்தாலும் நர்சு ஆக்கிடலாம்’ என்று சொல்லும் நிறுவனங்கள் தரும் சான்றிதழால் உதவியாளர் வேலை கிடைக்கலாம். ஆனால் அதை வைத்துத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்தக் கவுன்சிலில் பதிவெண் இருந்தால்தான் ஒருவர் பதிவுபெற்ற செவிலியர். அரசு வேலைக்கும் வெளிநாட்டுக்கும் அந்த எண்தான் கேட்பார்கள். பக்கத்து மாநிலக் கல்லூரிக்கு அழைத்துப் போகிறேன் என்று வரும் தரகரிடம், அந்தக் கல்லூரியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தூரத்துக்குப் போகும் முன் பக்கத்தில் பார்க்கலாம். நம் மாவட்டத் தலைநகர் சிவகங்கையிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் அதையொட்டி நர்சிங் கல்லூரியும் இருக்கின்றன. மதுரையிலும் தேனியிலும் உண்டு. மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்து நாடு முழுவதும் 157 புதிய நர்சிங் கல்லூரிகள் தொடங்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் 11 தமிழ்நாட்டுக்கு. இந்த அரசு இடங்களுக்கெல்லாம் ஒரே கவுன்சலிங், இணையத்தில் ஒரே விண்ணப்பம். பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினாலும் உடனே வரும் துணைத் தேர்வை எழுதித் தேர்ச்சி பெறலாம் என்பதால் அந்த ஆண்டே போய்விட்டது என்று உட்கார்ந்துவிட வேண்டாம்.

செலவுக்கும் கொஞ்சம் கை கொடுக்கும் திட்டம் உண்டு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. சேர்ந்த கல்லூரி வழியாகவே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம்; இடையில் யாருக்கும் பணம் தரத் தேவையில்லை. மாணவியின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கைப் பிளஸ் டூ படிக்கும்போதே தொடங்கி வைத்துவிட்டால் பணம் தடையில்லாமல் வரும்.